கஞ்சா கடைக்குப் பேங்க் கணக்கும் வரியும்: வாஷிங்டன் மாநிலத்தில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லைசென்ஸ் வாங்கிக் கஞ்சா விற்பது சட்டப்படி சரி. 2014 ஜூலையிலிருந்து கடைகள் நடக்கின்றன. மாநில அரசு இந்தத் தொழிலிலிருந்து ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் வசூலிக்கிறது. ஆனால் அந்த வரியைக் கட்ட ஒரு பேங்க் கணக்கு வேண்டும் என்று போனால், தெருமுனையில் இருக்கும் பெரிய பேங்க் எதுவும் உள்ளே விடாது. ஃபெடரல் சட்டப்படி, அதாவது அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி, கஞ்சா இன்னமும் தடை செய்யப்பட்ட பொருள். அந்தக் காசைத் தொட்டால் சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் என்று தன்மேல் வழக்கு வந்துவிடுமோ என்று பேங்குக்குப் பயம்.

சியாட்டல் பக்கம் ஒரு கடைக்கு நான் கணக்கு வழக்குப் பார்க்கிறேன். (சொந்தக்காரர்கள் கேட்டால் ‘ரீடெயில் கடையில் அக்கவுண்ட்ஸ்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன்.) கடைக்கு முதலில் இருந்த கணக்கை ஒரு பேங்க் ஒரு கடிதத்தோடு மூடிவிட்டது. அடுத்ததைத் திறப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இதில் இருப்பது வாஷிங்டன் நிலவரம். ஃபெடரல் விஷயங்கள் எல்லா மாநிலத்துக்கும் பொது. மாநில வரி, தேதி, விதி எல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

1. முதலில் உங்கள் விசாவைப் பாருங்கள்

பேங்கெல்லாம் அப்புறம். நீங்கள் அமெரிக்கக் குடிமகன் இல்லையென்றால் இந்தத் தொழிலில் கால் வைக்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் பேசுங்கள். எச்1பி, கிரீன் கார்டு இரண்டுக்கும் இது பொருந்தும். குடிவரவுத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு தெளிவாகவே சொல்கிறது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சாத் தொழிலில் வேலை பார்ப்பது குடியுரிமை விண்ணப்பத்துக்குத் தேவையான நன்னடத்தையைப் பாதிக்கலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ஊருக்குப் போய்த் திரும்பும்போது விமான நிலையத்திலேயே சிக்கல் வரலாம்.

‘நான் வேலை பார்க்கவில்லை, பங்கு மட்டும்தான் போடுகிறேன்’ என்று நம்மவர்களில் பலர் சொல்கிறார்கள். பங்கு போடுவது இன்னும் மோசம். அது ஆவணத்தில் உங்கள் பெயரோடு நிற்கும். ஊரிலிருந்து அப்பாவோ மாமாவோ அனுப்பும் பணத்தையும் இதில் போடாதீர்கள். காரணம் 3-ஆம் படியில் வருகிறது.

2. யாரிடம் கேட்பது

பெரிய பேங்குகளில் விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இந்தத் தொழிலுக்குக் கணக்குத் தருபவை பெரும்பாலும் மாநில அளவிலான சிறு பேங்குகளும் கிரெடிட் யூனியன்களும்தான் (உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு பேங்க் மாதிரி). நாடு முழுக்க இப்படிச் சில நூறு நிறுவனங்கள் உண்டு. பலர் விளம்பரம் செய்வதில்லை. இணையதளத்தில் தேடினால் ஒரு வரிகூட இருக்காது. ஏற்கெனவே கடை வைத்திருப்பவரிடமோ, சரக்கு தரும் புராசஸரிடமோ, இந்தத் தொழிலுக்கு வரிக்கணக்குப் பார்க்கும் சிபிஏ-விடமோ (நம் ஊர் ஆடிட்டர் மாதிரி) கேளுங்கள். ஒரே நாளில் விடை கிடைத்துவிடும்.

கேட்கும்போது முதல் வாக்கியத்திலேயே கஞ்சா என்று சொல்லிவிடுங்கள். ‘ஹோல்டிங்ஸ்’, ‘கன்சல்டிங்’, ‘மேனேஜ்மென்ட்’ என்று பொத்தாம் பொதுவான பெயரில் ஒரு கம்பெனி ஆரம்பித்து, அதில் சாதாரண பிசினஸ் கணக்கு திறந்து, கடைப் பணத்தைப் போடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். நிதிக் குற்றங்களைக் கவனிக்கும் ஃபெடரல் அமைப்பான ஃபின்சென், 2014 பிப்ரவரியில் பேங்குகளுக்குத் தந்த வழிகாட்டுதலில், இப்படிப்பட்ட பெயரில் கணக்கு வைத்துக்கொண்டு கஞ்சா வாசம் அடிக்கும் நோட்டுகளைப் போடுவதையே எச்சரிக்கை அடையாளமாக எழுதியிருக்கிறது. அந்த வாசம் நிஜம். கடைப் பெட்டகத்தில் ஒரு ராத்திரி இருந்த இருபது டாலர் கட்டை நீங்களே மோந்து பார்த்தால் தெரியும்.

இருக்கிற கடையை வாங்குகிறீர்கள் என்றால் ஒன்று கவனியுங்கள். புது லைசென்ஸ் எளிதில் கிடைக்காததால் இங்கே பலர் அப்படித்தான் வருகிறார்கள். பழைய உரிமையாளரின் பேங்க் கணக்கு உங்களுக்கு வராது. கடை கைமாறும் தேதிக்கு முன்பே உங்கள் பெயரில் தனியாக விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.

3. கோப்பைத் தயார் செய்யுங்கள்

எல்லாமே இதில்தான் இருக்கிறது. பேங்க் உங்களைச் சந்தேகப்பட்டுக் கேட்பதாக நினைக்காதீர்கள். ஃபின்சென் சொன்னபடி லைசென்ஸைச் சரிபார்த்தோம், விண்ணப்பத்தைப் படித்தோம், வழக்கமான விற்பனை எவ்வளவு என்று புரிந்துகொண்டோம் என்று அவர்கள் தங்கள் தணிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். அவர்களுக்கு வேண்டிய காகிதத்தை நீங்களே அடுக்கிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது.

கொண்டுபோக வேண்டியவை: மாநிலத்தின் மது மற்றும் கஞ்சா வாரியம் (இங்கே எல்லோரும் எல்சிபி என்பார்கள்) தந்த லைசென்ஸ், அந்த லைசென்ஸுக்கு நீங்கள் போட்ட முழு விண்ணப்பம், மாநில பிசினஸ் லைசென்ஸ், நகராட்சி அனுமதி, ஐஆர்எஸ் (ஃபெடரல் வரித் துறை) தந்த ஈஐஎன் (கம்பெனியின் வரி அடையாள எண்) கடிதம், கம்பெனி பதிவு ஆவணமும் பங்குதாரர் ஒப்பந்தமும், ஒவ்வொரு உரிமையாளரின் அடையாள அட்டையும் சொந்த வருமான வரிக் கணக்கும், கடையின் வாடகை ஒப்பந்தம், காப்பீடு, பாதுகாப்புத் திட்டம், ரொக்கத்தைக் கையாளும் முறை பற்றி எழுதிவைத்த இரண்டு பக்கம். நடக்கும் கடை என்றால் பழைய மாதங்களின் எல்சிபி வரி அறிக்கைகளும் வேண்டும். உரிமையாளர்கள் குறைந்தது 6 மாதம் வாஷிங்டனில் வசித்திருக்க வேண்டும் என்பது லைசென்ஸ் விதி. அதற்கான சான்றையும் இதே கோப்பில் வையுங்கள்.

இதில் மூன்று இடங்களில்தான் ஆட்கள் மாட்டுகிறார்கள்.

முதலீடு எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. ‘சேமிப்பு’ என்று ஒரு வார்த்தை எழுதினால் போதாது. எந்தக் கணக்கிலிருந்து, எந்தத் தேதியில், அந்தக் கணக்குக்கு அது எப்படி வந்தது என்று பேங்க் ஸ்டேட்மென்டோடு காட்ட வேண்டும். வீட்டை விற்றீர்களா, விற்பனைப் பத்திரம். நண்பர் கடன் கொடுத்தாரா, அவருடைய ஸ்டேட்மென்டும் வேண்டும், எல்சிபியிடம் அவர் பெயரும் தெரிவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த பணமோ, கைமாற்றாக வாங்கிய ரொக்கமோ இந்தக் கட்டத்தில்தான் கழுத்தைப் பிடிக்கும். மூலத்தைக் காட்ட முடியாத பெரிய முதலீடு என்பதும் ஃபின்சென் பட்டியலில் உள்ள எச்சரிக்கைகளில் ஒன்று.

இரண்டாவது வாடகை. கட்டட உரிமையாளருக்குத் தொழில் என்னவென்று தெரியும் என்பதும், அதற்கு ஒப்புக்கொள்கிறார் என்பதும் ஒப்பந்தத்திலேயே எழுத்தில் இருக்க வேண்டும். அவர் அந்தக் கட்டடத்தின் மேல் கடன் வாங்கியிருந்தால், கஞ்சா வாடகையை அவருடைய பேங்க் ஏற்குமா என்று அவரையே விசாரிக்கச் சொல்லுங்கள். கடை திறந்த பிறகு அவருடைய பேங்க் எதிர்ப்புத் தெரிவித்து இடத்தைக் காலி செய்ய நேர்ந்தால், லைசென்ஸையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

மூன்றாவது விற்பனை மதிப்பீடு. மாதம் எவ்வளவு விற்கும், அதில் ரொக்கம் எவ்வளவு, எந்த மாதம் கூடும் என்று கேட்பார்கள். அடக்கமாக இருக்கட்டும் என்று குறைத்து எழுதுவது நம் சுபாவம். இங்கே அது எதிராகத் திரும்பும். எழுதியதைவிட மிக அதிகமாகப் பணம் வந்தால் கேள்வி வரும். ஏப்ரல் 20 இந்தத் தொழிலுக்குத் தீபாவளி. அந்த வாரம் விற்பனை எகிறும் என்று விண்ணப்பத்திலேயே எழுதுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் தொடக்கத்தில் பேங்கின் கம்ப்ளையன்ஸ் அலுவலருக்கு (விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர்) ஒரு மின்னஞ்சலும் போட்டுவிடுங்கள். எங்கள் அலுவலர் ஒருமுறை போனில், “முன்னாடியே சொல்லிட்டீங்க, எனக்கு ஒரு பக்கம் எழுதற வேலை மிச்சம்” என்றார்.

4. செலவும் காலமும்

கணக்கு திறக்கச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் வரை ஆகும். கோப்பு முழுமையாக இருந்தாலும் அப்படித்தான். நேரில் வந்து கடையையும் பார்ப்பார்கள். அதனால் லைசென்ஸ் வேலை நடக்கும்போதே பேங்க் வேலையையும் தொடங்குங்கள்.

மாதக் கட்டணம் சில நூறு டாலரிலிருந்து ஆயிரங்கள் வரை போகும். சிலர் போடும் ரொக்கத்தில் இத்தனை சதவீதம் என்றும் வாங்குவார்கள். விண்ணப்பத்துக்கே தனிக் கட்டணம் உண்டு, கணக்கு கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது. கவச வண்டியில் வந்து பணத்தை எடுத்துப்போவதற்கு வேறு செலவு. இதை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். 2022 தொடக்கத்தில் இந்த மாநிலத்தில் கஞ்சா கடைகளில் துப்பாக்கிமுனைக் கொள்ளைகள் வரிசையாக நடந்து உயிர்களும் போயின. பணப்பையைக் காரில் போட்டுக்கொண்டு ஒரே நேரத்தில், ஒரே வழியில் பேங்குக்குப் போகும் பழக்கம் வேண்டவே வேண்டாம்.

பேங்க் உங்களைப் பற்றிச் சந்தேக நடவடிக்கை அறிக்கை ஒன்றைத் தவறாமல் அரசுக்கு அனுப்பும். கஞ்சா பிசினஸ் என்றாலே அனுப்பியாக வேண்டும். நல்ல பிள்ளையாக நடந்தால் அது ‘லிமிடெட்’ வகை, சந்தேகம் இருந்தால் ‘பிரையாரிட்டி’, கணக்கை மூடினால் ‘டெர்மினேஷன்’. உங்களிடம் இதைப் பற்றிப் பேச அவர்களுக்கு அனுமதி இல்லை. கேட்டுச் சங்கடப்படுத்தாதீர்கள்.

5. தினமும் கடை மூடும்போது

மூன்று எண்கள் ஒத்துப்போக வேண்டும்: பில்லிங் மெஷின் காட்டும் விற்பனை, பேங்கில் போட்ட பணம், எல்சிபிக்குக் காட்டிய விற்பனை. மாநிலத்துக்குக் கட்டும் வரியோடு ஒட்டாத அளவுக்குப் பணம் பேங்கில் விழுந்தால் அதுவும் எச்சரிக்கை அடையாளம். அதனால் வரி அறிக்கையை வரிக்காக மட்டும் எழுதுவதாக நினைக்காதீர்கள். உங்கள் பேங்க் ஒவ்வொரு மாதமும் அதைக் கேட்டு வாங்கிப் படிக்கும்.

எங்கள் கடையில் செய்வதைச் சொல்கிறேன். ஒவ்வொரு கல்லாவையும் இரண்டு பேர், கேமராவுக்குக் கீழே, தனித்தனியாக எண்ணுவார்கள். ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். இரண்டும் ஒத்த பிறகே பையில் போட்டு, முத்திரை எண்ணைப் பதிவேட்டில் எழுதிப் பெட்டகத்தில் வைப்போம். இரண்டு டாலர் குறைந்தாலும் ‘குறைவு 2’ என்று எழுதுவோம். கையிலிருந்து போட்டு நேர் செய்வதில்லை. சின்னச் சின்னக் குறைவு இருக்கும் பதிவேட்டைத்தான் தணிக்கையாளர் நம்புகிறார். எல்லா நாளும் பைசா சுத்தமாக இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஒரே நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் போட்டால் பேங்க் அதற்குத் தனி அறிக்கை அனுப்பும். அனுப்பட்டும். அதைத் தவிர்க்க 9,000, 9,500 என்று பிரித்துப் போட்டால் அது தனிக் குற்றம், பணம் முழுக்க நேர்மையாக வந்ததாக இருந்தாலும். சரக்கு வந்து இறங்கும்போது புராசஸருக்கு 12,000 டாலர் ரொக்கமாகக் கொடுத்தால், அவர் 15 நாளுக்குள் பெரிய ரொக்கம் வாங்கியதைத் தெரிவிக்கும் படிவம் 8300-ஐத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கு உங்கள் விவரம் கேட்பார், தயங்காமல் கொடுங்கள்.

6. கார்டு மெஷின் விற்க வருபவர்

கடை திறந்த முதல் மாதத்திலேயே வந்துவிடுவார். விசா, மாஸ்டர்கார்டு நெட்வொர்க்குகளில் கஞ்சா விற்பனைக்கு இடமில்லை. அதனால் ‘கேஷ்லெஸ் ஏடிஎம்’ என்று ஒன்று தருவார்கள். 47 டாலர் பில்லுக்கு 60 டாலர் ஏடிஎம்மில் எடுத்ததாகப் பதிவாகும், 13 டாலர் மீதியைக் கையில் கொடுக்க வேண்டும். வாடிக்கையாளருக்கு வசதிதான். ஆனால் விற்பனையை ஏடிஎம் என்று மறைக்கிறது. 2021 டிசம்பரில் விசா இதை எச்சரித்தது. 2023 ஜூலையில் மாஸ்டர்கார்டு தன் டெபிட் கார்டில் கஞ்சா வாங்குவதை நிறுத்தச் சொன்னது. ஒருநாள் மாலை திடீரென்று மெஷின் செத்துப்போகும், உள்ளே மாட்டிய பணம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எந்தக் கட்டண முறையாக இருந்தாலும் கையெழுத்துப் போடும் முன் உங்கள் பேங்கிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கடைக்குள் நிஜமான ஏடிஎம் ஒன்று வைப்பதுதான் எனக்குத் தெரிந்து குறைந்த தலைவலி. அந்த ஏடிஎம் நிறுவனத்துக்கும் உங்கள் தொழில் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும்.

7. மாநில வரி: 20-ஆம் தேதி, 25-ஆம் தேதி

கஞ்சாவுக்கு மாநிலத்தின் சிறப்பு வரி 37%. அதோடு சாதாரண விற்பனை வரி. அது ஊருக்கு ஊர் மாறும், கணக்குக்கு 10% என்று வைத்துக்கொள்வோம். விற்பனை வரியை 37%-க்கு மேல் போடக் கூடாது. இரண்டும் அடிப்படை விலையின் மேல்தான். 20 டாலர் பொருளுக்கு 7.40, அப்புறம் 2.00, மொத்தம் 29.40.

பெரும்பாலான கடைகளில் வரி உட்பட முழு விலையைத்தான் பலகையில் போடுகிறார்கள். 30 டாலர் என்று போட்டால் அதை 1.47-ஆல் வகுக்க வேண்டும். அடிப்படை விலை 20.41, சிறப்பு வரி 7.55, விற்பனை வரி 2.04. பில்லிங் மெஷின் புதிதாக வந்தவுடன் இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டு, ஒரு பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பைப், பேப்பர் போன்றவற்றுக்கு 37% கிடையாது. மருத்துவ அட்டை உள்ளவர்களுக்கு 2024 ஜூனிலிருந்து சில பொருட்களில் அந்த 37% விலக்கு உண்டு. இந்த இரண்டு இடத்திலும் மெஷின் அமைப்பு தப்பாக இருந்தால் மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

சிறப்பு வரி எல்சிபிக்கு, அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் அறிக்கை போக வேண்டும். விற்பனை வரி வருவாய்த் துறைக்கு, மாதாமாதம் கட்டுபவர்களுக்கு 25-ஆம் தேதி. இரண்டு அலுவலகம், இரண்டு இணையதளம், இரண்டு பாஸ்வேர்டு. ஒன்றில் கட்டியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடும் ஆட்கள் உண்டு.

இந்தப் பணம் உங்களுடையதே இல்லை, அரசுக்காக நீங்கள் பிடித்து வைத்திருப்பது. வரி சேர்க்காமல் மாதம் 2 லட்சம் டாலர் விற்கும் கடையில் சிறப்பு வரி மட்டும் 74,000. தாமதத்துக்கு மாதம் 2% அபராதம், அதாவது 1,480 டாலர். கம்பெனி மூழ்கினாலும் வரி கட்டும் பொறுப்பில் இருந்தவரைத் தனிப்பட்ட முறையில் பிடிக்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆகவே தினமும் டெபாசிட் விழுந்தவுடன் வரிப் பங்கைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். பேங்கில் விண்ணப்பிக்கும்போதே இரண்டு கணக்காகக் கேட்டு வாங்குவது நல்லது. பிறகு கேட்டால் மறுபடி காகித வேலை.

பேங்க் இல்லாத காலத்தில் ரொக்கமாகக் கட்ட வேண்டுமென்றால் எல்சிபியிடம் முன்கூட்டியே விலக்கு கேளுங்கள். விலக்கு இல்லாமல் பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனால் 10% அபராதம் விழலாம். மணி ஆர்டர், கேஷியர் செக் (பேங்கே உத்தரவாதம் தரும் செக்) எடுத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் அவற்றை விற்பவரும் கேள்வி கேட்பார்.

8. ஃபெடரல் வரி

வாஷிங்டனில் மாநில வருமான வரி கடைக்குக் கிடையாது. அந்த நிம்மதியை 280ஈ என்ற ஃபெடரல் வரிச் சட்டப் பிரிவு கெடுத்துவிடும். ஃபெடரல் அரசு போதைப்பொருட்களைக் கடுமை வாரியாகப் பிரித்துவைத்த பட்டியல்களில் ஷெட்யூல் 1, 2-இல் உள்ளதை விற்பவருக்குத் தொழில் செலவுக் கழிவு கிடையாது. சரக்கு வாங்கிய விலையை மட்டும் கழிக்கலாம். 100 டாலர் விற்று, சரக்கு 60, சம்பளமும் வாடகையும் 30 என்றால் கையில் நிற்பது 10. மற்ற கடைக்காரர் அந்த 10-க்கு 21% கட்டுவார், 2.10. நீங்கள் 40-க்குக் கட்ட வேண்டும், 8.40. கடை வாங்கும்போது விற்பவர் காட்டும் லாபக் கணக்கில் இது சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கஞ்சாவை ஷெட்யூல் 3-க்கு மாற்றும் முன்மொழிவு 2024 மே மாதம் வெளியானது. மாற்றம் நடைமுறைக்கு வந்தால், அது பொருந்தும் தொழிலுக்கு 280ஈ நீங்கும். உங்கள் கடைக்கு அது எந்தத் தேதியிலிருந்து பொருந்தும் என்று சிபிஏ எழுத்தில் சொல்லும்வரை பழைய கணக்கிலேயே பணம் ஒதுக்குங்கள். பேங்க் தொல்லை அதனால் மட்டும் தீராது.

ஊழியர் சம்பளத்தில் பிடித்த ஃபெடரல் வரியை மின்னணு முறையில்தான் கட்ட வேண்டும், இல்லையென்றால் 10% அபராதம். பேங்கே கிடைக்காததால் ரொக்கமாகக் கட்ட நேர்ந்தால், விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்ட கடிதங்களைக் காட்டி அந்த அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். எனவே ‘கணக்கு தர இயலாது’ என்ற ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஐஆர்எஸ் அலுவலகத்தில் ரொக்கம் கட்ட முன்பதிவு வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

9. கணக்கை மூடுகிறோம் என்று கடிதம் வந்தால்

பேங்கை வேறொன்று வாங்கினாலோ, நிர்வாகம் மாறினாலோ, உங்கள் தவறே இல்லாமல் இது வரலாம். காரணம் கேட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. கடிதத்தில் உள்ள கடைசித் தேதியைப் பார்த்து, இரண்டு விஷயம் கேளுங்கள்: அந்தத் தேதிவரை ரொக்கம் வாங்குவார்களா, மீதித் தொகையைக் கேஷியர் செக்காகத் தருவார்களா.

அன்றைக்கே 24 மாத ஸ்டேட்மென்டுகளை இறக்கி வையுங்கள், மூடிய பிறகு இணையதளத்தில் நுழைய முடியாது. அடுத்த 20-ஆம் தேதி வரிப் பணத்தை, தேதி வரும்வரை காத்திராமல், கணக்கு உயிரோடு இருக்கும்போதே கட்டிவிடுங்கள். சம்பளச் செக் கையில் வைத்திருக்கும் ஊழியர்களை அதை உடனே பணமாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். புராசஸர்களிடம் இருக்கும் செக்குகள் திரும்பினால் எல்சிபி வரை போகும், அவர்களையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள். 3-ஆம் படியில் சொன்ன கோப்பைப் புதுப்பித்தே வைத்திருந்தால், அதே வாரம் அடுத்த கிரெடிட் யூனியனில் விண்ணப்பம் கொடுத்துவிடலாம்.